பிரித்த ஓரம்

குழந்தை பிறக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அவள் குரோஷே ஊசியால் பின்னிய குட்டிப் போர்வையை முடித்துவிட்டு, அதே நூலில் சுற்றிலும் சிப்பி சிப்பியாக ஓரம் போட ஆரம்பித்திருந்தாள். திங்கட்கிழமை ஒரு மூலை கோணலாக வந்ததால் இரண்டு வரிசையைப் பிரித்தாள். அன்று முழுக்க வயிற்றில் அசைவே இல்லை. பிரித்ததைத் திரும்பப் பின்னி முடித்ததும் குழந்தை உதைத்தது. புதன்கிழமையும் அப்படியே நடந்தது. அதன்பிறகு தப்பு விழுந்தாலும் அவள் பிரிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் தூங்கி எழுந்து கூடத்துக்கு வந்தபோது சோபாவில் நாத்தனார் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். போர்வையைக் காணவில்லை.

"வாங்க அண்ணி. ஓரமெல்லாம் ஒரே கோணல். என் மருமகனோ மருமகளோ, இதைப் போத்திக்கிட்டா ஊரே சிரிக்காதா? அதான் கொஞ்சம் பிரிக்கலாம்னு உட்கார்ந்தேன். பேச்சு சுவாரஸ்யத்துல, போன்ல பேசிக்கிட்டே மொத்தத்தையும் இழுத்துட்டேன்."

அவள் தன் வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள்.

"முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. நூல் ஒரு முழம்கூட வீணாகலை," என்றாள் நாத்தனார்.

நாத்தனாரின் மடியில் இருந்த நூல் உருண்டை, உள்ளிருந்து, மெதுவாக ஒருமுறை உதைத்தது.