மூடிய சிலிண்டர்

கண்ணாடிக் கலத்தின் கரைசலில் கட்டைவிரல் அகலத்துக்குச் செம்புத் தகடு ஒன்று நின்றது. மின்சாரம் பாயும்போதே தகட்டின் மேல் நடப்பதைக் கருவி ஒன்று ஒளியால் வேவு பார்த்தது. கரியமில வாயுவைச் செம்பு எரிசாராயமாக மாற்றுவதைக் கண்ணெதிரே காட்டுகிறேன் என்று ஆராய்ச்சி மாணவி தமயந்தி சொல்லியிருந்தாள். சொன்னபடியே திரையில் எரிசாராயத்தின் கோடு மெல்ல எழுந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

“பாத்தீங்களா, புகையிலேர்ந்து எரிபொருள்!” என்று துறைத் தலைவர் பூரித்துப்போனார்.

தமயந்தி தற்செயலாக மூலையைப் பார்த்தாள். பரபரப்பில் அங்கிருந்த கரியமில வாயு சிலிண்டரைத் திறக்கவே மறந்திருந்தாள். கலத்துக்குள் துளி வாயுகூடப் போகவில்லை. பிறகு எழுவது எது? கலத்தின் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் எரிசாராயத்தில் ஊறவைத்துக் கழுவுவது அவள் வழக்கம். ஊறியது கசிந்து வருகிறது. இத்தனை நாளும் அதுதான் வந்திருக்கிறது.

உடன் ஆராய்ச்சி செய்யும் ஜெசிந்தா வெறும் தண்ணீரில்தான் கழுவுவாள். அவளுக்கு ஒருமுறைகூட அந்தக் கோடு எழுந்ததில்லை. “கை சுத்தமா இருந்தா தானா வரும்” என்று போன வாரம் எல்லோர் முன்னாலும் தமயந்தி அவளைப் பார்த்துச் சிரித்திருந்தாள்.

இப்போது ஜெசிந்தா சிலிண்டரின் பக்கத்தில்தான் நின்றாள். அதன் அழுத்தமானியில் அசையாத முள்ளைப் பார்த்தாள். பிறகு அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“சிலிண்டர் மூடியிருக்கு தமயந்தி. யாரும் கவனிக்கல. திறந்துவிடட்டுமா?”

அந்தக் குரலில் துளி கேலி இல்லை. திரையைச் சுட்டி நீட்டியிருந்த விரலை எப்படி மடக்குவதென்று தமயந்திக்குத் தெரியவில்லை.