கறுப்பில் வாருங்கள்

கறுப்பு உடையில் ஒரு கூட்டமே படியேறி வருவதைப் பார்த்ததும் நெப்தாலிக்குக் கண் கலங்கிவிட்டது. அழைப்பிதழில் ‘கறுப்பில் வாருங்கள்’ என்று அச்சடித்தபோது சிரித்தவர்கள் இப்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள்?

“பாரு கோரிங், நல்லாப் பாரு!” என்று மானேஜரின் தோளை உலுக்கினார்.

கோரிங் எட்டிப் பார்த்தாள். அதுவரை வந்திருந்தவர்கள் ஒரு பத்திரிகைக்காரரும் நெப்தாலியின் பல் டாக்டரும்தான். பத்திரிகைக்காரர் பான்சித் நூடுல்ஸுக்காக வந்தவர். அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஆல்பம் வெளியீட்டுக்கு மணிலாவின் பெரிய மால்கள் எல்லாம் கைவிரித்ததால்தான் மரிக்கினாவில் இந்தச் சாப்பாட்டுக் கடையின் மாடி. நெப்தாலி அதை ‘மக்களோடு நெருக்கம்’ என்று பேட்டியில் சொல்லியிருந்தார்.

காதலில் தோற்ற ஊரையெல்லாம் அழவைத்த குரல் அவருடையது. ஆனால் பாட்டும் மெட்டும் எமோங்குடையவை. “பாடுவது நெப்தாலி, அழவைப்பது எமோங்” என்று எவனோ எழுதிய நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

அதற்குப் பதில்தான் ‘என் இருள்’ என்ற இந்த ஆல்பம். சொல், மெட்டு, குரல் மூன்றும் நெப்தாலி. இதுவும் எடுபடாவிட்டால் கலைஞன் என்று ஒருவனும் சொல்லப்போவதில்லை. கல்யாண மண்டபத்துப் பாடகராகவே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

“எமோங் அண்ணனுக்கு இன்னிக்குத்தான் அடக்கம்,” கோரிங் இழுத்தாள். “ஒரு வாரமா உடம்பை வச்சிருந்தாங்க. நீங்க ஒரு எட்டு போயிட்டு வந்திருக்கலாம், அண்ணே.”

“சாவு வீட்டுக்குப் போனா நேரா வீடு திரும்ப முடியுமா? எங்கயாவது நின்னு, ஒட்டிக்கிட்டு வர்ற செத்தவனை உதறிட்டுல்ல வரணும்! கலைஞனுக்கு ஏதும்மா அவ்வளவு நேரம்?”

“அவர் மட்டும் புதுப் பாட்டோட மழையில நனைஞ்சுகிட்டு உங்க வீட்டுக்கு வருவாரே…”

“அவன் வருவான். நான் போனதில்ல. அவன் வீடு எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது,” என்றார், விருது வாங்கிய கதையைச் சொல்வதுபோல.

வந்தவர்கள் வாசலில் நின்று சட்டையையும் பாவாடையையும் உதறிக்கொண்டார்கள். ஜீப்னி வண்டியில் வந்தால் தூசி இருக்கத்தானே செய்யும்? பிறகு சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள், முன்வரிசையில் நடு நாற்காலியை மட்டும் காலியாக விட்டு.

“எனக்குப் போட்டிருக்காங்க!” என்று கோரிங்கின் காதில் கிசுகிசுத்துவிட்டு நெப்தாலி மைக்கைப் பிடித்தார்.

“அன்பர்களே! பழைய பாடகன் செத்துட்டான். அவனுக்காக யாரும் அழாதீங்க. இன்னிக்கு ஒரு கலைஞன் பொறந்திருக்கான்!”

கைதட்டல் வரவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். இப்படி ஒரு பக்தியை நெப்தாலி தன் உச்ச காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

கண்ணை மூடிக்கொண்டு ஆல்பத்தின் முதல் பாட்டை எடுத்தார். இரண்டாவது வரியிலேயே கூட்டம் மெல்ல முனகத் தொடங்கியது. மெட்டு ஓரிடத்திலும் பிசகவில்லை.

“கேட்டியா?” இடையிசையில் கோரிங் பக்கம் சாய்ந்தார். “இன்னும் வெளியவே வராத பாட்டு! முதல் தடவை கேக்கும்போதே கூடப் பாடுறாங்க. இதுக்குப் பேருதான் காவியம்!”

கோரிங் கூட்டத்தைப் பார்த்தாள். “அதெப்படி அண்ணே முடியும்?”

பாட்டு முடிந்தது. கிதார் நின்றது. கூட்டம் நிற்கவில்லை.

அவர் விட்ட இடத்திலிருந்து மெட்டு மேலே ஏறியது. அவர் அறியாத ஒரு திருப்பத்தில் வளைந்து, ஒரு மூச்சுக்கு நின்று, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல இறங்கி அடங்கியது. அதுதான் அந்தப் பாட்டின் உண்மையான முடிவு என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. என்ன இருந்தாலும் காது நல்ல காது.

அதனால்தான் இன்னொன்றும் கேட்டது. காலி நாற்காலிப் பக்கமிருந்து, மரத்தில் விரல் தட்டும் சத்தம். ஒவ்வொரு தட்டும் தாளத்துக்குச் சற்றே பின்தங்கி வந்தது. அப்படித் தட்டுகிறவன் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.

பத்திரிகைக்காரரின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

கூட்டம் எழுந்தது. யாரும் விடைபெறவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. படியில் இறங்க இறங்க அவர்களுடைய பேச்சுச் சத்தம் கேட்டது. முதுகுச் சுமையை இறக்கிவைத்தவர்கள்போல யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

சிலுவைக்குறி போட்ட அம்மாள் மட்டும் இசைத்தட்டு ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றாள். நெஞ்சில் சின்னதாக ஒரு கறுப்புப் பட்டை குத்தியிருந்தாள். ரசிகர் மன்றத்து அடையாளம் என்று நெப்தாலி இவ்வளவு நேரமும் நினைத்திருந்தார்.

“யார் பேருக்குக் கையெழுத்துப் போடணும்மா?”

“எமோங் பேருக்கு.”

பேனா நின்றுவிட்டது.

“நீங்க…?”

“அவர் பொண்டாட்டி, சார். லிகாயா. அந்தப் பாட்டை எங்க வீட்டு அடுப்படியில பாடிக்கிட்டே இருப்பார். பேரப் பசங்களுக்குக்கூட மனப்பாடம்.”

நெப்தாலி இசைத்தட்டை அவளிடமே நீட்டினார். “என்… என் பேரைக் கெடுக்கத்தானே வந்தீங்க?”

லிகாயா இசைத்தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. காலி நாற்காலியை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் கறுப்புச் சட்டையின் கைகளை நிதானமாக, ஒவ்வொன்றாக உதறினாள்.

“ஐயோ, அதுக்கெல்லாம் இல்ல சார். அடக்கம் முடிஞ்சு நேரா வீட்டுக்குப் போகக் கூடாதில்ல? எங்க உதறணும்னு அவரே சொல்லிட்டுத்தான் போனார்.”