2020-இல் வரவேண்டிய காது

கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பிய வயர் என் மகளின் தலையில் போய் முடிந்தது.

வலது காதுக்கு மேலே, மழித்து முளைத்த முடிக்கு நடுவே, சோடா மூடி அளவில் ஒரு வட்டம். தோலுக்கு அடியில் இன்னொன்று. இரண்டையும் காந்தம் பிடித்து வைத்திருந்தது. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் அதை முதன்முதலாக ஓடவிடுகிறார்கள்.

அமலாவுக்கு மூன்று வயது. தீபாவளி வெடிகூட அவளைத் திரும்பிப் பார்க்க வைத்ததில்லை.

காதுக் கருவியைச் சரிபார்த்துப் பயிற்சி கொடுக்கும் ஜோஷி மேடம் கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தார். அமலா பாயில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் மனைவி பவுன், சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பயம்தான் என்று நினைத்து மேடம் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

எனக்கோ, வெட்கக்கேடு, ஒரு விளையாட்டு ஞாபகத்துக்கு வந்தது.

பள்ளிக்கூட நாளில், கூடப் படித்த சலீமின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த இங்கிலீஷ் புத்தகத்தை, இந்த ஆஸ்பத்திரி இருக்கும் இதே கேம்ப் ஏரியாவில்தான் ஜெராக்ஸ் எடுத்தோம். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, கதைக்குள்ளேயே வாழும் விளையாட்டு. கதை நடப்பது 2020-இல். எப்போதும் மழை, எப்போதும் இரவு, ஊரை ஆள்வது கம்பெனிகள். உடம்பில் எதை வேண்டுமானாலும் கழற்றிவிட்டு மெஷினை மாட்டிக்கொள்ளலாம்.

நான் எப்போதும் காதைத்தான் வாங்குவேன். சுவருக்கு அந்தப்பக்கம் எதிரி கிசுகிசுப்பதும் கேட்கும்.

ஆனால் சும்மா கிடைக்காது. ஒவ்வொரு பாகம் பொருத்தும்போதும் 'மனிதம்' என்ற கணக்கிலிருந்து புள்ளிகள் குறையும். கணக்கு தீர்ந்தால் ஆள் முழு மெஷின். ஆட்டத்திலிருந்து அவனைப் பிடுங்கிக்கொள்வார்கள். நாங்கள் இதை ரொம்ப ஆழமான விஷயம் என்று நினைத்தோம். பதினாறு வயதில் எல்லாமே ஆழம்தான்.

அந்தக் காது 2005-லேயே வந்துவிட்டது. மழையும் இல்லை, இரவும் இல்லை. மத்தியான வெயில், சுவரில் யானைப் படம், வாசலில் எங்கள் செருப்புகள். வந்ததும் ஒற்றனுக்கு இல்லை, கட்டை அடுக்கும் பிள்ளைக்கு. புத்தகம் எழுதினவன் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

மேடம் மைக்கைத் திறந்துவிட்டு, அமலாவுக்குப் பின்னால் போய்ச் சின்ன டமாரத்தைத் தட்டினார்.

ஒன்றும் இல்லை. கட்டைமேல் கட்டை ஏறியது.

திரும்பி வந்து எதையோ கூட்டினார். மறுபடி தட்டினார். அமலா நீலக் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு சில பிள்ளைகளுக்கு வேலை செய்யாமலும் போகலாம் என்று முன்பே சொல்லித்தான் இருந்தார்கள்.

மேடம் இன்னும் கொஞ்சம் கூட்டினார். தட்டினார்.

அமலாவின் கை பாதியில் நின்றது.

கண் விரிந்தது. உதடு கோணியது. பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகை அவளுக்கே கேட்டுவிட்டது. பயந்து நிறுத்தினாள். எங்கிருந்து வந்தது என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். மறுபடி அழுதாள்.

கேட்டுவிட்டது, கேட்டுவிட்டது என்று மேடம் மராத்தியில் சொல்லிச் சிரித்தார். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எதற்கு மறைக்க, சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதேன்.

இப்போது அம்மா பேசட்டும் என்றார் மேடம். முதலில் கேட்க வேண்டியது அம்மாவின் குரல்தானே.

பவுன் என்னைப் பார்த்தாள்.

மேடம் எங்களிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மொழிதான். பயிற்சி மராத்தியில், ஸ்பெஷல் ஸ்கூலும் மராத்தியில், அதனால் வீட்டிலும் அதுவே. இரண்டு மொழி காதில் விழுந்தால் குழம்பி, எதுவும் வராமல் போகும். நான் இதே ஊரில், கட்கியில் பிறந்து வளர்ந்தவன், அப்பாவுக்கு அங்கே ஃபேக்டரி வேலை, மராத்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. உடனே தலையாட்டினேன். நான் ஆட்டியதைப் பார்த்து, என்னவென்று புரியாமலே பவுனும் ஆட்டினாள். கல்யாணமாகி ஆம்பூரிலிருந்து வந்தவள், தமிழும் காய்கறிக்காரனிடம் பேசும் அளவு இந்தியும் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். சிவாஜி நகர் வரும்போது கேட்டாள்:

"அப்போ நான் அவகிட்ட பேசவே கூடாதா?"

கற்றுக்கொள்ளலாம் என்றேன். இந்த ஒரு மாதத்தில் அவள் கற்றுக்கொண்டது இரண்டு சொல்.

எங்கள் புத்தகத்தில் காது பொருத்திக்கொண்டவனுக்குத்தான் புள்ளி குறையும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கும் குறையும் என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

மேடம் காத்திருந்தார். பவுன் தொண்டையைச் செருமினாள். பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி, "யே பாளா" என்றாள். வா குழந்தாய். வேறு யாருடைய குரலோ போல இருந்தது. அமலா மிரண்டு இன்னும் பெரிதாக அழுதாள்.

பிரமாதம் என்று கைதட்டிவிட்டு மேடம் குறிப்பெழுதத் திரும்பினார்.

பவுன் மகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். மெஷின் மாட்டிய பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். மெஷின் இல்லாத இடது காதில், எதுவுமே கேட்காத அந்தக் காதில் வாயை வைத்து, ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த தமிழையெல்லாம் மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள்.