வளராத சுவர்

அந்த மலாவிக் கிராமத்தின் பள்ளிக்கூடச் சுவரைக் கொத்தனார் லுசுங்கு இடித்துக்கொண்டிருந்தார். மகள் தியாமிகே ஓடிவந்தாள்.

"கூரை போடுறதுதானேப்பா பாக்கி? ஏன் இடிக்கிறீங்க?"

"போதகர் உத்தரவும்மா. நாளைக்கு அமெரிக்காவுல இருந்து சர்ச் தொண்டர்கள் சுவர் கட்ட வர்றாங்க."

"போன வருஷம் அவங்க கட்டினது மறுவாரமே சரிஞ்சுது. இது நீங்க கட்டினது, பாறையாட்டம் நிக்குது!"

"அதான் வம்பு. கட்ட வேலை இல்லேன்னா வேற ஊருக்குப் போயிடுவாங்க. அப்புறம் மருந்து மாத்திரை, விதைச்சோளமெல்லாம் யாரு கொண்டாருவா?"

தியாமிகே விழுந்த செங்கற்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

"பதமா இடிங்கப்பா. அடுத்த வருஷமும் இதே கல்லுதான்."

மாமரத்தடியில் அவள் மகள் ஒன்றாம் வகுப்புப் பாடத்தைக் கத்திப் படித்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சுவருக்கு முதல் கல் வைத்த அன்று, அதே மரத்தடியில், அதே பாடத்தைக் கத்தியவள் தியாமிகே.