சமாதானம் சொல்லும் நேரம்

கடலோர ஊரிலிருந்து போருக்குப் புறப்பட்ட நாற்பது பேரின் துப்பாக்கிகளுக்கும் தீர்த்தம் தெளித்து, "கர்த்தர் நம்ம பக்கம்" என்று அனுப்பிவைத்தவர் பங்குச்சாமி இஞ்ஞாசியார். ஒருவரும் திரும்பவில்லை. தாய்மார்கள் அதன் பிறகும் ஞாயிறு பூசைக்கு வந்தார்கள். ஆனால் பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் தங்களுக்குள் கும்பிட்டுக்கொள்வார்களே தவிர, பீடத்தில் கைகூப்பி நிற்கும் அவர் பக்கம் ஒரு முகமும் திரும்பாது.

இந்த ஞாயிறு சூசையம்மாள் மட்டும் எழுந்து பீடத்தருகே வந்தாள். அவர் ஒரு படி இறங்கினார். "சமாதானம், தாயி" என்றார்.

அவள் ஒரு காலிப் பாட்டிலை நீட்டினாள்.

"துப்பாக்கிக்குத் தெளிச்ச தண்ணியில மிச்சம் இருந்தா குடுங்க சாமி. எம்மவன் குழி எங்கன்னு தெரியல. கடல்லயாவது தெளிக்கேன்."

அப்போதுதான் எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின.