மார்வா முடியட்டும்

"இந்த ராகம் முடியட்டும். முடிஞ்ச உடனை சொல்லுறன்."

மகாதேவி ரீச்சர் இதைச் சொல்லிவிட்டுப் பாயில் சம்மணம் கட்டி இருந்துவிட்டாள். இனித் தியாகலிங்கம் செய்யக்கூடியது ஒன்றுதான். சைக்கிளில் ஏறி மிதிக்க வேண்டும்.

சைக்கிள் எங்கும் போகாது. ரீச்சர் சங்கீதம் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போகிற லேடீஸ் சைக்கிள் அது. மாமரத்தடியில் ஸ்ராண்டில் நின்றபடி பின்சில்லு மட்டும் சுழலும். சில்லில் உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர் கசற் பெட்டிக்குப் போகிறது. யுத்தத்தில் கரண்ட் போய் இரண்டு வருடமாகிறது, பற்றறியைக் கண்ணால் காண முடியாது. உடுப்பிட்டியில் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கால் நோக மிதித்தே ஆக வேண்டும்.

கேள்வியை அவன் அவளிடம் நேரே கேட்கவில்லை. அந்தத் துணிச்சல் இருந்திருந்தால் தலை நரைக்க முன்னமே கேட்டிருப்பான். கப்பலில் உழைத்துத் தங்கச்சிமாரைக் கரைசேர்த்துவிட்டு, ஆறுதலாக ஊரோடு வந்து சேர்ந்தவன். ரீச்சரின் அண்ணி சின்னத்தங்கத்திடம் மென்று விழுங்கிச் சொன்னான். அவள் உள்ளே போய், "கப்பல்காரர் உன்னைக் கலியாணம் கேக்கிறார்" என்று போட்டுடைத்துவிட்டாள். பதிலுக்கு இன்று பின்னேரம் வரச் சொல்லியிருந்தார்கள்.

கசற், கப்பல் பம்பாயில் நின்றபோது வாங்கியது. மார்வா, பொழுதுபடுகிற நேரத்து ராகம் என்று கடைக்காரன் சொன்னதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாட்டு விஷயத்தில் தியாகலிங்கம் சுத்தச் சூனியம். ரீச்சர் வீட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் நிற்க ஒரு சாட்டு வேண்டும், அதற்காகத்தான் கசற்றைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினான்.

கசற்றுக்குள்ளிருந்து கிழட்டு வித்துவான் பாடத் தொடங்கினார். அன்றைக்குக் குண்டு போடுகிற பிளேன் ஒன்றும் வராமல் வானமும் சத்தமில்லாமல் இருந்தது.

"சுரமெல்லாம் எங்கடை ஹம்சானந்திதான். ஆனா இவர் சட்ஜத்திலை வந்து நிக்கிறாரில்லையே" என்றாள் மகாதேவி.

சட்ஜம்தான் வீடு என்று அவனுக்கு விளக்கினாள். எந்தப் பாட்டும் அங்கிருந்து புறப்பட்டு அங்கேதான் வந்து சேரும். இந்த மனிதரோ வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார், உள்ளே போகிறாரில்லை.

"ஏனாம்?"

"ஆருக்குத் தெரியும்? பெஞ்சாதியோடை சண்டையாக்கும்."

அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சின்னத்தங்கம் சிரித்தாள்.

தியாகலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்குள் கசற்றின் ஒரு பக்கத்துச் சுருள் மெலிந்துகொண்டு போனது. அது முடிந்தால் பதில். மாட்டன் என்று அவள் சொல்லிவிட்டால் நாளைக்கு இங்கே வர என்ன முகம் இருக்கிறது? இந்த மாமரம், இந்தப் பாய், ஒரு நல்ல சங்கதி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவள் தலையாட்டுகிற அழகு, எல்லாம் இன்றோடு சரி. கால் தானாகத் தளர்ந்தது.

வித்துவானின் குரலும் கூடவே இறங்கியது.

"இண்டைக்கு இவருக்குத் தடிமனோ, தொண்டை அடைச்சுக் கிடக்கு?" என்றாள் மகாதேவி.

அவன் திடுக்கிட்டு எகிறி மிதித்தான். வித்துவான் குமர்ப்பிள்ளைக் குரலில் கீச்சிட்டுவிட்டு ஒரு மாதிரி நிதானத்துக்கு வந்தார். அப்படியும் கால் சொல்வழி கேட்கவில்லை. மெல்ல மிதித்தால் கசற் மெல்ல ஓடும், கசற் மெல்ல ஓடினால் பதில் தள்ளிப்போகும். பழியைப் பம்பாய்க் கிழவர் தலையில் போட்டுவிட்டு, தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தான்.

அப்போதுதான் அவனுக்கு அந்த ராகம் விளங்கியது.

வீட்டில் சண்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கிழவருக்கு வீடு தெரிகிறது, விளக்கு வைத்திருப்பதும் தெரிகிறது. படலையைத் திறந்து உள்ளே போனால் இந்தப் பின்னேரம் முடிந்துவிடும். அதனால்தான் வெளியிலேயே நிற்கிறார்.

தியாகலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் ஒரு பாட்டு விளங்கியிருக்கிறது. சொல்ல வாயைத் திறந்தான். வெட்கம் வந்து மூடிக்கொண்டான்.

எவ்வளவு மெல்ல மிதித்தும் என்ன, கிழவர் கடைசியில் சட்ஜத்துக்கு வந்தார். வந்து நின்றார். பெட்டி டக்கென்றது. அடுப்படியில் துருவுகிற சத்தமும் நின்றது.

மகாதேவி எழுந்து வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இறங்குங்கோ" என்றாள்.

அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இறங்கி, கழற்றி வைத்த செருப்பைத் தேடினான்.

"செருப்பை விடுங்கோ. போய்ப் பாயிலை இருங்கோ."

போய் இருந்தான். அவள் கசற்றை வெளியே எடுத்து, ஓட்டையில் பேனையைக் குத்தித் தொடக்கத்துக்குச் சுற்றினாள். திரும்பவும் பெட்டிக்குள் போட்டாள். பிறகு சைக்கிளில் ஏறிக்கொண்டாள்.

சின்னத்தங்கம் எட்டிப் பார்த்துவிட்டு, புட்டுக்கு இன்னொரு சுண்டு மா அள்ளினாள்.

பாட்டுத் தொடங்கியது. கிழவரின் குரல், அவன் மிதித்தபோது இருந்ததைவிட இன்னும் கீழே, இன்னும் ஆறுதலாக வந்தது. வகுப்பில் எந்தப் பிள்ளை இம்மியளவு சுருதி விலகினாலும் பிடித்துவிடுகிற ரீச்சர், இப்போது ஒன்றும் சொல்லவில்லை. தியாகலிங்கத்தின் பக்கம் திரும்பவும் இல்லை.

இன்னும் மெல்ல மிதித்தாள்.