வியாழக்கிழமை எறும்புகள்

"இண்டைக்கும் எறும்போ?"

ராசமலர் மகளின் வெள்ளைச் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கழுத்திலிருந்து விளிம்புவரை ஒரே மண்.

"ஓம் அம்மா, கட்டெறும்பு," என்றாள் நிரோஜா. மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துச் சுற்றாடல் கழகத்தில் சேர்ந்ததிலிருந்து வியாழக்கிழமைகளில் இந்தக் கோலத்தில்தான் வீடு வருகிறாள்.

"உங்கட ரபீக்கா டீச்சருக்கு வேற சீவன் ஒண்டும் கிடைக்கேல்லையோ? கடற்கரையில கொக்கு நிக்குது. கோட்டைக்குள்ள மான் நிக்குது."

"டீச்சர் எறும்புதான் பாக்கச் சொன்னவ."

"அதுக்கு நிலத்தில உருளவேணுமோ?"

"உருளுறேல்ல அம்மா. டீச்சர் 'எறும்பு' எண்டு சொன்ன உடன, நிண்ட இடத்திலயே குப்புறப் படுக்கவேணும். முழங்கையை ஊண்டி, ரெண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து வைச்சிருக்கவேணும்."

"வாயை ஏன்?"

"மூக்கால மூச்சு விட்டா எறும்பு பறந்திடுமாம்."

"காது?"

"வெளிச்சத்தம் கேட்டா எறும்பில கவனம் நிக்காதாம்."

ராசமலருக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையை வாளிக்குள் போட்டாள். அந்த நேரம் துறைமுகப் பக்கம் 'தொம்' என்று ஒரு சத்தம். அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன.

நிரோஜா நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

"துறைமுகத்தில கல்லுடைக்கினம்," என்றாள் ராசமலர், கேட்பதற்கு முன்பே. சண்டைக் கதை பிள்ளையின் காதில் விழக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். செய்தி நேரத்தில் ரேடியோகூடக் குசினி அடுப்படிக்குப் போய்விடும்.

"ஓ, கல்லோ," என்றுவிட்டுப் பிள்ளை கால் கழுவப் போனது.

அடுத்த வியாழக்கிழமை ராசமலர் பள்ளிக்கூடத்துக்கே போனாள். துணைக்கு உம்மு குல்சும். அவளுடைய மகள் அசனாவும் இதே கழகம், இதே மண்.

வேப்பமரத்தடியில் பிள்ளைகள் நின்றார்கள். தாய்மார் நின்ற வகுப்பறை யன்னலடிக்கு ரபீக்கா டீச்சர் வந்தாள். மெலிந்த, சின்ன வயது டீச்சர்.

"டீச்சர், குறை நினைக்காதீங்கோ," என்று ராசமலர் தொடங்கினாள். "சுற்றாடல் கழகம் எண்டால் மரம் நடுறது, குருவி பாக்கிறது. நானும் கொன்வென்டில படிச்சனான்தான். ஒருநாளும் எங்களை நிலத்தில விழுத்தினதில்ல."

"உப்புவெளிப் பள்ளிக்கூடத்துப் புள்ளையள் நட்ட மரத்தோட நிண்டு படம் புடிச்சு வைச்சிருக்குதுகள்," என்றாள் உம்மு குல்சும். "எங்கட புள்ளையளோட படம் புடிக்கிறதெண்டா உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தைத்தான் வைக்கோணும்."

டீச்சர் சிரித்தாள். "அடுத்த தவணை மரமும் நடுவம் அக்கா."

"அப்ப எறும்பு?"

"அதை நிப்பாட்ட ஏலாது."

"அப்பிடி என்ன டீச்சர் இந்த எறும்பில இருக்கு? நான் அதிபரிட்டப் போகத்தான் போறன்."

"போங்கோ அக்கா. அவர்தான்..."

டீச்சர் முடிக்கவில்லை. துறைமுகத்துக்கு அப்பால் 'தொம்' என்றது. அடுத்த மூச்சில், தலைக்கு மேலே எதுவோ சீறிக்கொண்டு வந்தது.

"எறும்பு," என்றாள் டீச்சர். கத்தவில்லை. வழக்கமான குரல்தான்.

வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளைகூட நின்றுகொண்டிருக்கவில்லை. எல்லாம் குப்புற, முழங்கை மண்ணில், கை காதில், வாய் திறந்தபடி.

நின்றவர்கள் இரண்டு தாய்மார்தான். "என்ர பிள்ளை" என்று ராசமலர் மரத்தடிக்கு ஓடினாள். பின்னால் உம்மு குல்சும். ஓடிப்போயும் என்ன செய்வதென்று தெரியாமல் மரமாக நின்றாள் ராசமலர். கீழேயிருந்து ஒரு சின்னக் கை சேலையைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, எறும்பு. படுங்கோ."

விழுந்தாள். பக்கத்தில் உம்மு குல்சுமும்.

நிலம் அதிர்ந்தது. ஓடு சரிந்த சத்தம். கண்ணாடி சிதறிய சத்தம். பிறகு புழுதி.

ஷெல் பள்ளிக்கூடத்தின் பின்வளவில் விழுந்திருந்தது. தாய்மார் நின்று நியாயம் கேட்ட யன்னலில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

ராசமலர் எழுந்தபோது அவளுடைய சேலையிலும் கழுத்திலிருந்து விளிம்புவரை ஒரே மண். டீச்சரை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனாள்.

"எங்களிட்டயாவது சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"சொன்னா நீங்கள் பிள்ளையளைக் கட்டிப்பிடிச்சு அழுவீங்கள். அதுகளுக்கு விளங்கிப்போயிடும். பயந்த பிள்ளை படுக்காது அக்கா, ஓடும். அதாலதான் அதிபரும் நானும் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்ல."

"என்ர பிள்ளைக்கு இதுகள் ஒண்டும் தெரியாது டீச்சர். நானும் வீட்டில காட்டிக்கொள்ளுறேல்ல."

"அது எறும்பாவே இருக்கட்டும் அக்கா."

"ஓம். எறும்பாவே இருக்கட்டும்."

ராசமலர் முகத்தைத் துடைத்து, ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு மகளிடம் போனாள்.

"பிள்ளை, இண்டைக்கு என்ன எறும்பு பாத்தனீ?"

"சிவத்த எறும்பு அம்மா. சரியான நீட்டு வரிசை."

"கெட்டிக்காரி. போய்க் கையைக் கழுவிக்கொண்டு வா, வீட்டை போவம்."

குழாயடியில் அசனா முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இனிப் பொய் சொல்ல ஏலாது," என்றாள் அசனா. "ஷெல்லுக்குத் தப்பத்தான் எறும்பு பாக்கிறதெண்டு எங்களுக்கு எப்பவோ தெரியுமெண்டு உம்மாட்டயும் டீச்சரிட்டயும் சொல்லப்போறன்."

"உனக்கென்ன விசரோ?" நிரோஜா குழாயை இறுக்கிப் பூட்டினாள். "சொல்லிப்போடாத. பெரியாக்கள் பாவம், பயந்திடுவினம்."